முதியவரின் பழைய வீட்டைக் குடித்தனத்தோடு வாங்குகிறவர்களுக்கு

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், பெரம்பூர் பக்கம் விலைக்கு வரும் தனி வீடுகளில் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படும். அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ மனை, ஐம்பது அறுபது வருடக் கட்டடம். முன்கட்டில் எழுபதைத் தாண்டிய வீட்டுக்காரர். பின்கட்டிலோ மாடியிலோ இருபது முப்பது வருடமாக ஒரு குடித்தனம், அவர்களும் வயதானவர்களே. பிள்ளைகள் வெளியூரில். "மார்க்கெட்டை விடப் பத்து பர்சென்ட் கம்மி சார், உடனே முடிச்சிடுங்க" என்பார் தரகர்.

அந்தப் பத்து சதவீதத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. வாரிசுகளைத் தேடிப் பிடிப்பது, பெரியவரின் சம்மதத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதிவு செய்வது, குடித்தனத்தோடு பேசி முடிப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கான கூலி அது. வேலையைச் செய்யாமல் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் பிறகு நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறார்கள். முதல் முறையாக இப்படியொரு வீட்டை வாங்கப் போகிறவர் எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே இடறும் என்பதைப் பார்ப்போம். விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

பத்திரத்துக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர் செய்யும் முதல் தவறு, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். வாய்மொழி வாடகை, பதியாத ஒத்தி, பதியாத உயில், குடித்தனக்காரரிடம் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த "உங்களுக்கே விற்கிறேன்" என்ற உறுதிமொழி எதுவும் அதில் இருக்காது.

சட்டமோ வாங்குகிறவர் பக்கம் இரக்கம் காட்டுவதில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விளக்கம், ஒருவர் ஒரு சொத்தில் நேரடியாகக் குடியிருந்தால் அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே வைத்துக்கொள்ளும். "நான் அவரைக் கேட்கவில்லை" என்ற பதில் எடுபடாது.

அதனால் வீட்டுக்காரருக்கு விலையில் அட்வான்ஸ் கொடுக்கும் முன், அவருடைய அனுமதியோடு, ஒவ்வொரு போர்ஷனிலும் இருப்பவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வருடம் வந்தார்கள், யாரிடம் வாடகை கொடுக்கிறார்கள், ரொக்கமா வங்கியா, ரசீது உண்டா, வாடகை அட்வான்ஸ் எவ்வளவு, மின் இணைப்பு யார் பெயரில், வீட்டில் ஏதாவது தங்கள் செலவில் கட்டினார்களா, வாடகையா அல்லது ஒத்தியா என்று கேளுங்கள். ஒத்தி என்றால் மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பவர்கள். அந்தத் தொகையைத் திருப்பாமல் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. கேட்டதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, முடிந்தால் அவர்களிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். "மாதம் 4,500 வாடகை, அட்வான்ஸ் 50,000, விற்பனை ஒப்பந்தம் எதுவும் கிடையாது" என்று மூன்று வரி போதும். இந்தத் தாள் பின்னால் பொன் பெறும்.

கட்டடம் குடித்தனக்காரருடையது, மனை மட்டும் வீட்டுக்காரருடையது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தி வழக்கறிஞரிடம் போங்கள். பழைய மனைக் குத்தகைகளில், 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, மனையைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தை நாடும் உரிமை குத்தகைதாரருக்கு இருக்கலாம். அது வேறு கணக்கு.

வீட்டுக்காரருடன் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பேசுவது எல்லாம் மகன், உள் அறையில் தாய் படுத்திருக்கிறார் என்றால், அந்தத் தாயைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

உண்மையில் யார் உரிமையாளர்?

பட்டா, வீட்டுவரி ரசீது, மின் அட்டை மூன்றிலும் ஒரே பெயர் இருப்பது நல்ல அடையாளம்தான். ஆனால் உரிமையை நிலைநாட்டுவது மூலப்பத்திரமும் அதிலிருந்து இன்றுவரை வரும் சங்கிலியும். குறைந்தது 30 வருட வில்லங்கம் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் 1975-க்குப் பிறகான பதிவுகளுக்கு ஆன்லைனிலேயே சான்று கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பழைய வீடுகளுக்கு அந்த அலைச்சலைப் பட்டே ஆக வேண்டும். சென்னை நகருக்குள் நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் வாங்கி, மனையின் அளவைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, பதிவேட்டில் 1,120 என்று வருவது சகஜம். விலை பேசும்போது சிறிய எண்ணை வைத்துப் பேசுங்கள்.

சங்கிலியில் ஒரு சாவு நடந்திருந்தால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். அதிகம் தவறுகிற இடம் இது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள் மட்டுமல்ல. இறக்கும்போது உயிரோடு இருந்தால் அவருடைய தாயும்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து விற்க வருவார்கள். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றும் கையில் இருக்கும். ஆனால் கணவர் 1998-ல் இறந்தபோது அவருடைய தாய் இருந்தார், 2006-ல்தான் காலமானார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு வந்த கால் பங்கு, அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது கணவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும், பிரிந்து போயிருக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் கிரயம் முழுமையாகாது. வாரிசுச் சான்றைப் பார்க்கும்போது இறந்த தேதியைப் பார்த்து, "அப்போது அவர் அம்மா இருந்தாரா?" என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். கிறிஸ்தவர், இஸ்லாமியர் சொத்தென்றால் பங்கு விகிதமே வேறு; அந்தந்தச் சட்டப்படி கணக்குப் போட வேண்டும்.

மகள்களை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் பாகப் பிரிவினை செய்திருந்தால் அதுவும் கவலைக்குரியது. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகளுக்குத் தமிழ்நாடு 1989-லேயே சம உரிமை தந்தது. 2005-ல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. "அக்காவுக்குச் சீர் செய்தாச்சு" என்பது சட்டத்தில் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், ஆகாது. அக்காவிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கித் தரச் சொல்லுங்கள், அல்லது அவரையும் கிரயத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உயில் வழியாக வந்த சொத்துக்கு, சென்னை எல்லைக்குள் நெடுங்காலம் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) தேவைப்பட்டது. பழைய உயிலைக் காட்டி விற்க வருகிறவரிடம் புரொபேட் வாங்கினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், உயில் இல்லாதிருந்தால் யாருக்கெல்லாம் பங்கு வந்திருக்குமோ அவர்கள் அனைவரையும் கையெழுத்துப் போட வைப்பதே நிம்மதி.

பெற்றோர் எழுதிக் கொடுத்த வீடு

தாயோ தந்தையோ மகனுக்கு தான செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்து, மகன் அதை விற்க வருவது இப்போது மிக அதிகம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் பதியச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணம்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இங்கே வருகிறது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் 60 வயது கடந்தவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அளவிலேயே இது நடக்கிறது. உரிமையியல் வழக்கு போலப் பல வருடம் ஆகாது. நிபந்தனை இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. ஆனால் முதியோர் நலனை முன்னிட்டுச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. "அன்பு, பாசம்" கருதி எழுதியதாகப் பத்திரத்தில் இருப்பதே மறைமுக நிபந்தனைதான் என்ற பார்வையைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2025-ல் எடுத்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறதல்லவா?

அதனால் மகன் விற்கும் வீட்டில், எழுதிக் கொடுத்த பெற்றோர் உயிரோடு இருந்தால், அவர்களும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இப்படிச் சம்மதம் தந்து கையெழுத்திடுகிறவரைப் பத்திர எழுத்தர்கள் 'கன்சென்டிங் பார்ட்டி' என்பார்கள். மகன் "எதுக்கு சார் அம்மாவை அலைக்கழிக்கணும்?" என்று மழுப்பினால், அம்மாவுக்கு விற்பது தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

செட்டில்மெண்ட் பத்திரத்தை முழுவதும் படியுங்கள். வில்லங்கச் சான்றில் "செட்டில்மெண்ட்" என்ற ஒரு சொல்தான் இருக்கும். உள்ளே "என் ஆயுள் உள்ளவரை நானே அனுபவித்து வருவேன்" என்ற வரி ஒளிந்திருக்கும். ஆயுள்கால உரிமை வைத்திருப்பவர் ஒப்புக்கொள்ளாமல் வீட்டின் வாசலைக்கூட நீங்கள் மிதிக்க முடியாது.

பவர் பத்திரத்தோடு வருகிறவர்

பெரியவரால் நடக்க முடியவில்லை, மருமகனுக்குப் பவர் (தன் சார்பில் விற்கும் அதிகாரம்) கொடுத்திருக்கிறார் என்பது வழக்கமான பேச்சு. பவர் கொடுத்தவர் இறந்த நிமிடமே பவர் செத்துவிடும். அவர் மனநிலை தவறினாலும் அதே கதிதான். மறதி நோய் முற்றிய ஒருவர் நான்கு வருடம் முன்பு தெளிவாக இருக்கும்போது கொடுத்த பவர், இன்றைக்கு உங்களைக் காப்பாற்றாது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றைப் பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள். அந்தத் தாளோடு திருப்தி அடையாமல் நேரில் போய்ப் பெரியவரைப் பாருங்கள். விலை எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் பவர் என்றால், இந்தியத் தூதரகச் சான்றோ அப்போஸ்டில்லோ (ஆவணத்தை உறுதிசெய்து அந்த நாட்டு அரசு தரும் சான்று) இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும்.

விலைக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. காலியாக இருந்தால் சதுர அடி 12,000 ரூபாய்க்குப் போகும் என்றால் 1 கோடியே 44 லட்சம். குடித்தனத்தோடு 1 கோடியே 29 லட்சத்துக்குத் தருகிறார்கள். பதினைந்து லட்சம் மிச்சம் போலத் தெரியும்.

இப்போது செலவைப் பாருங்கள். குடித்தனம் காலி செய்ய ஒரு வருடம் ஆனால், முடங்கிய பணத்துக்கு 8.5% வட்டியில் ஏறக்குறைய 11 லட்சம். வீடு மாற உதவியாக 3 லட்சம், திருப்ப வேண்டிய அட்வான்ஸ் அரை லட்சம். பதினான்கரை லட்சம் போய்விட்டது. அதாவது ஒரு வருடத்தில் நட்டமில்லாமல் தப்பிக்கத்தான் இந்தத் தள்ளுபடி. வழக்காகி மூன்று வருடம் இழுத்தால் வட்டி மட்டுமே 33 லட்சத்தை நெருங்கும். ஆகவே குடித்தனக்காரரோடு பேசி எத்தனை மாதத்தில் முடியும் என்று தெரிந்த பிறகே விலையை முடிவு செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்கள்.

இதோடு முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2% சேரும்: 1.29 கோடிக்கு 11.61 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமென்றால் அதன்மீது கணக்கு வரும். குடித்தனம் உள்ளே இருக்கும் வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் சிரமம் என்பதால், கடனை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் முன் வங்கியிடம் நிலையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம்

விற்பனை ஒப்பந்தத்தை (அக்ரிமெண்ட்) பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது பழைய பழக்கம். இன்று அதை நம்பிப் பெரிய தொகை கொடுப்பது அசட்டுத் துணிச்சல்.

விற்பவருக்கு எண்பது வயதென்றால் கால அளவைக் குறுக்குங்கள். மற்ற இடங்களில் ஆறு மாதம் வைப்பார்கள். இங்கே 60 முதல் 90 நாள் போதும். அட்வான்ஸும் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இடையில் அவர் காலமாகிவிட்டால் ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்தான், ஆனால் நான்கு வாரிசுகளில் ஒருவர் "விலை போதாது" என்றாலே நீங்கள் வழக்குப் போட வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் உட்பட எந்தத் தொகையையும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வாங்கிய பெரியவருக்கு அதே அளவு தொகை வருமான வரி அபராதமாக வரலாம். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு குடித்தனத்தின் பெயர், வாடகை, அட்வான்ஸ் தொகை, யார் காலி செய்து தருவது, அந்தச் செலவு யாருடையது என்று தனித்தனியாக எழுதுங்கள். "காலி செய்து தரப்படும்" என்று மொட்டையாக எழுதினால், எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் போய்க் குடித்தனத்தைக் காலி செய்து தருவார் என்று நீங்கள் நம்புவதாக அர்த்தம்.

புரிந்துதான் கையெழுத்திட்டார் என்பதற்கு ஆதாரம்

முதியவர் எழுதிக் கொடுத்த கிரயத்தை எதிர்த்து வரும் வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு வாதம்: "அவருக்கு நினைவு சரியில்லை", "பயமுறுத்தி அல்லது ஏமாற்றி வாங்கினார்கள்". ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வயதாலோ நோயாலோ மனத்திறன் குன்றியவரிடம் தகாத செல்வாக்கு இருக்கக்கூடும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதை உடைக்க வேண்டியது நீங்கள், அதுவும் பல வருடம் கழித்து, அவர் இல்லாத நிலையில். எனவே கையெழுத்தாகும் அன்றே ஆதாரத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

பத்திரம் தமிழில் இருக்கட்டும். வரைவைப் பதிவுக்கு ஒரு வாரம் முன்பே அவரிடம் கொடுங்கள். அவருக்கென்று தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; அந்தச் செலவை நீங்கள் ஏற்றாலும் நட்டமில்லை, ஆனால் உங்கள் வழக்கறிஞரையே அவருக்கும் வைக்காதீர்கள். எண்பது கடந்தவர், அல்லது பக்கவாதம், மறதி இருந்தவர் என்றால், அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமிருந்து பதிவு நாளுக்கு ஒட்டிய தேதியில் "சுயநினைவோடு, சொத்து விவகாரத்தைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார்" என்ற சான்று வாங்குங்கள். தெருமுனை கிளினிக்கில் முன்பின் பார்க்காத மருத்துவர் தரும் சான்று குறுக்கு விசாரணையில் நிற்காது.

படிக்கத் தெரியாதவர், கைநாட்டு வைப்பவர் என்றால், "வாசிக்கக் கேட்டுப் பொருள் புரிந்து" என்ற வரியோடு, வாசித்துக் காட்டியவர் யார் என்ற பெயரும் கையெழுத்தும் பத்திரத்தில் இருக்க வேண்டும். சாட்சிகளாகத் தரகரையும் அவர் நண்பரையும் போடாதீர்கள். விற்பவரின் தம்பி, மகள், பல வருடப் பக்கத்து வீட்டுக்காரர் போன்றவர்களே நாளைக்குக் கூண்டில் ஏறிச் சொல்லக்கூடியவர்கள்.

வயதானவர்களின் கைரேகை தேய்ந்து, ஆதார் சரிபார்ப்பு இயந்திரம் ஏற்காமல் போவது அன்றாடம் நடக்கிறது. டோக்கன் எடுத்து, கார் வைத்து அழைத்து வந்து, மூன்று மணி நேரம் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. இரண்டு வாரம் முன்பே ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழி, கைபேசி எண்ணைப் புதுப்பித்துவிடுங்கள். எழுந்து வரவே முடியாதவர் என்றால், பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி தக்க காரணம் காட்டிச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். மருத்துவச் சான்றோடு முன்கூட்டி மனுக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்ட வேண்டும். இதைப் பலர் அறியாததால்தான் தேவையில்லாமல் பவர் எழுதுகிறார்கள். என்றைக்குமே பவரை விட வீட்டுப் பதிவு மேலானது.

கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரியவர் விஷயத்தில் அந்த நான்கு மாதத்தை மறந்துவிட்டு, கையெழுத்தும் பதிவும் ஒரே நாளில் நடக்கும்படி பாருங்கள்.

பணமும் டிடிஎஸ்ஸும்

விலைப் பணம் விற்பவரின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். "என் அக்கவுண்டில் போடுங்க, அப்பாவுக்கு பேங்க் போக முடியாது" என்று மகன் சொன்னால் மறுத்துவிடுங்கள். பல வாரிசுகள் இருந்தால் பங்குக்கு ஒரு டிடி. எண்களைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1% வருமான வரி (டிடிஎஸ்) பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அந்தத் தொகைக்கும் பிடிக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதியவர்களிடம் இடறும் இடம் பான் எண். பான் இல்லாவிட்டாலோ, ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்திருந்தாலோ, 1% என்பது 20% ஆகிவிடும். 1.29 கோடிக்கு 1.29 லட்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் 25.8 லட்சம்! எண்பது வயது நிரம்பியவர்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. அறுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்டவர்களுக்குக் கிடையாது. ஒப்பந்தம் போடும் முன் பான் நிலையை வருமான வரித் தளத்தில் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் குடியேறிய பங்குதாரர் இருந்தால் அவர் பங்குக்கு இந்த 1% பொருந்தாது, பல மடங்கு அதிகம் பிடிக்க வேண்டும். ஆடிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

குடித்தனக்காரரோடு

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தமும், வாடகை ஆணையத்திடம் பதிவும் அதன் அடிப்படை. வாடகை பாக்கி, உள்வாடகை, தவறான பயன்பாடு, இடித்துக் கட்டும் தேவை, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள மறுப்பது ஆகியவை காலி செய்யக் கோரும் காரணங்களில் சில. கரண்டை நிறுத்துவது, தண்ணீரை அடைப்பது சட்டப்படி தடை. அது உங்கள் நல்ல வழக்கையே கெடுத்துவிடும்.

ஆனால் முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் எழுபது வயதுத் தம்பதியிடம் சட்டத்தை எடுத்து நீட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். அவர்கள் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் அல்ல. வயதானவர்களுக்கு வீடு கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். மாடி ஏற முடியாது. மருத்துவமனையும் கோயிலும் காய்கறிக் கடையும் நடக்கும் தூரத்தில் வேண்டும். 4,500 வாடகை கொடுத்தவர்களால் 15,000 கொடுக்க முடியாது. இதில் எது தடை என்று கேட்டு அதைத் தீர்த்தால் காரியம் நடக்கும். தரைத்தளத்தில் வீடு பார்த்துக் கொடுப்பது, புதிய வீட்டின் அட்வான்ஸைக் கட்டுவது, ஒரு வருட வாடகை வித்தியாசத்தைத் தருவது, பேக்கர்ஸ் செலவை ஏற்பது என்று பிரித்துப் பேசுங்கள். மொத்தமாக "மூணு லட்சம் தர்றேன், காலி பண்ணுங்க" என்பதை விட இது மலிவாகவும் சுமுகமாகவும் முடியும். ஆடி, மார்கழியில் வீடு மாறச் சொல்லாதீர்கள். தை வரை பொறுக்கச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு எழுதும் அன்று, மீதி சாவி கைக்கு வரும் அன்று. சாவி வாங்கும்போது, "வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தேன், அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்ற கடிதத்தில் கணவன் மனைவி இருவரும், கூட இருக்கும் மகனோ மகளோ இருந்தால் அவர்களும் கையெழுத்திடட்டும். ஒருவர் கையெழுத்து மட்டும் வாங்கி, அடுத்த வாரம் இன்னொருவர் பூட்டை உடைத்து உள்ளே வந்த சம்பவங்கள் உண்டு.

காலி செய்ய வைக்காமல் வாடகைக்கே விட நினைத்தால், கிரயம் முடிந்த அன்றே பழைய வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுங்கள்: இந்தத் தேதி முதல் வாடகை இவருக்கு, அட்வான்ஸ் 50,000 இவர் பொறுப்பில் மாற்றப்பட்டது என்று. அப்படித் தெரிவிக்காத வரை, அவர் பழைய வீட்டுக்காரரிடம் நல்லெண்ணத்தில் கொடுத்த வாடகையை நீங்கள் மறுபடி கேட்க முடியாது. அட்வான்ஸை விலையில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். பிறகு புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். புதிய சட்டத்தில், வேறு ஏற்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். சென்னையின் பத்து மாத வழக்கத்துக்கு ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

"இன்னும் ஆறு மாசம் இருந்துக்கறோம்"

விற்ற பிறகும் பெரியவர் அங்கேயே சில மாதம் இருக்க விரும்புவது இயல்பு. வாய்மொழியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறந்த வழி, அவர் எழுந்து போகத் தயாராகும் வரை கிரயத்தையே தள்ளி வைப்பது. அது முடியாதென்றால், எத்தனை மாதம், வாடகை உண்டா இல்லையா, மின் கட்டணம் யாருடையது, யார் யார் உடன் இருக்கலாம் என்று எழுதிய தனி ஒப்பந்தம் போடுங்கள். அவருக்குப் பின் யாரும் அந்த உரிமையைத் தொடர முடியாது என்ற வரியைச் சேருங்கள். இல்லையென்றால் பெரியவர் போன பிறகு, உதவிக்கு வந்த பேரன் குடித்தனக்காரர் ஆகிவிடுவார்.

கிரயம் பதிவான பின் வேலை கொஞ்சம்தான். பட்டா மாறியதா என்று ஆன்லைனில் பார்த்து, வீட்டுவரி, குடிநீர் வரி, மின் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள். மூலப்பத்திரங்களின் அசல்களைப் பதிவன்றே எண்ணி வாங்குங்கள். அசல் தொலைந்துவிட்டது என்று அப்போதுதான் சொன்னால், காவல் துறையின் "கண்டுபிடிக்க முடியவில்லை" சான்றும் பத்திரிகை விளம்பரமும் இல்லாமல் மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள். மருத்துவர் சான்று, குடித்தனக்காரர் எழுதிய அந்த மூன்று வரித் தாள், சாவி ஒப்படைத்த கடிதம் ஆகியவற்றைக் கிரயப் பத்திரத்தோடு அதே உறையில் போட்டு வையுங்கள். நீங்கள் விற்கும்போது அடுத்தவர் கேட்பார்.